சார்ஜர் செருகினால் வரும் சத்தம்

அவளுக்குப் பாம்புச்செவி என்று பேர் வைத்தது வேலை பார்க்கும் இடத்தில். யார் முதலில் கூப்பிட்டார்கள் என்று தெரியாது, கூப்பிட்டது ஒட்டிக்கொண்டது. ஒலிப்பதிவைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை அவளுக்கு. கூட்டங்களில் பேசியது, விசாரணைகளில் சொன்னது, ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்த பேட்டி, எல்லாம் வரும். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் பிடிபடாமல் 'தெளிவில்லை' என்று போட்டுவிட்டதை மேலாளர் கடைசியில் அவள் தலையில் கட்டுவார். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் சிக்கெடுத்த தலைமுடி மாதிரி நாலு பேச்சையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவாள். வீட்டிலேயே ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மாலைவரை வேலை. அந்த இரண்டு காதுதான் அவளுடைய சோறு.

ஒருநாள் காலை, மீன்பிடித் துறைமுகம் பற்றிய ஏதோ ஒரு கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பேச்சுக்கு அடியில் 'ஙொய்ய்' என்று ஒன்று ஓடியது. பதிவில் இருக்கும் சத்தம் என்று நினைத்தாள். பதிவை நிறுத்தினாள். அது நிற்கவில்லை. பூட்டிய பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி அதுபாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. அப்புறம் வந்தது. அப்புறம் போனது.

வந்த விருந்தாளி தங்கிவிட்டது. நாளாக ஆக, அவள் பங்குக்கும் 'தெளிவில்லை' போட ஆரம்பித்தாள். மேலாளர் குறை சொல்லவில்லை. ஆனால், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று ஒரு தடவை கேட்டார். அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அச்சகத்திலிருந்து கணவன் வந்ததும் ஹெட்போனை அவன் தலையில் மாட்டிவிட்டுப் பார்த்தாள்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையே."

"நல்லா கேளுங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பவன் மாதிரி தலையை ஆட்டினான். "ஆங், கேக்குது. என் வயித்துக்குள்ள பசி கத்துது."

அவள் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். அவளுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நாள் முழுக்க அச்சு இயந்திரங்களின் நடுவில் நிற்கிறவன் காதை நம்ப முடியாது என்று வைத்துக்கொண்டாலும், இப்போது தன் காதுக்கே கேட்கவில்லையே! அப்படியானால் பகலில் கேட்டது எங்கிருந்து வந்தது? காதுக்குள் சிலருக்கு இரைச்சல் வருமாம், வந்தால் போகவே போகாதாம் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஊமை கண்ட கனவாக உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் அண்ணியும் அவர்கள் வீட்டில் இருந்தார். அண்ணி என்றால் அவள் கணவனின் அக்கா. பெரிய மருத்துவமனையில் நர்ஸ். அவர் கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் தண்ணீர்மேல். துடைத்த ஈரம் காயாத தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துபோக, கட்டுப் பிரிக்கும் வரை தம்பி வீட்டில் இருக்கட்டும் என்று வந்திருந்தார். அண்ணி வாயைத் திறந்தால் வார்டில் நோயாளியை அதட்டுகிற குரல்தான் வரும். அதனால் அவளுக்கு அண்ணியிடம் மரியாதை உண்டு, ஒட்டுதல் கிடையாது. சாப்பாடு போடுவாள், தலை வாரிவிடுவாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அண்ணிக்கும் சும்மா இருந்து பழக்கமில்லை. பால்கனியில் இருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் மாவுக்கட்டுக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் பார்வையாலேயே பரிசோதனை செய்துகொண்டிருப்பார்.

ஒருநாள் காபி கேட்க அறைக் கதவைத் திறந்த அண்ணி, அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, விரலால் ஒரு காதை அடைப்பதும் திறப்பதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"காதுல என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லன்னு சொல்றவங்களத்தான் நாங்க முதல்ல அட்மிட் பண்ணுவோம். என்ன, சொல்லு."

வேறு வழியில்லாமல் சொன்னாள். லேப்டாப்பில் ஏதோ சத்தம், அல்லது தன் காதில் ஏதோ சத்தம், எது என்று தெரியவில்லை. அண்ணி சிரிப்பார் என்று நினைத்தாள். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்போலேருந்து?"

"கொஞ்ச வாரமா."

"தொடர்ந்து இருக்கா, விட்டு விட்டு வருதா?"

"விட்டு விட்டுத்தான். காலையில வரும், சாயங்காலம் நிறைய வரும். மத்தியானம் கொஞ்சம் ஓஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை தாங்க முடியாது."

"சாப்பிட்டதுக்கு அப்புறம் கூடுதா?"

"யாருக்கு அண்ணி, எனக்கா லேப்டாப்புக்கா?"

அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. "இப்ப இருக்கா?"

அவள் ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். "இருக்கு."

அண்ணி எழுந்து போய்த் தன் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வந்தார். அவள் ஹெட்போனை நீட்டினாள். அண்ணி தள்ளிவிட்டார். "அதுல கேட்டா அது மேலயும் சந்தேகம் வரும். உடம்பத் தொட்டுக் கேக்கணும்." கட்டுப் போட்ட கையால் முடியாமல், இடது கையால் மடிக்கணினியின் முதுகில் வட்டத்தகட்டை வைத்தார். முகத்தில் வார்டுக் களை வந்துவிட்டது. "காத்தாடி ஓடுது. லேசா மூச்சிரைப்பு." விசைப்பலகையின் இடது பக்கம், வலது பக்கம். பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், தரையில் கிடந்த சார்ஜரின் கறுப்புக் கட்டிமேல் வைத்தார்.

புருவம் உயர்ந்தது.

"ஏம்மா, இங்க வா. இதோ இங்க இருக்கு. ஙொய்யின்னு."

அவள் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். அதே சத்தம். அதே வண்டு. அண்ணிக்கும் கேட்கிறது! அப்படியானால் காதில் கோளாறு இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அழுகிறாள் என்று முதலில் புரியாத அண்ணி, புரிந்ததும் இடது கையால் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். "பைத்தியம். இத்தனை நாளா மனசுல பூட்டி வெச்சுக்கிட்டுக் கிடந்தியா?"

அன்றே இருவரும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் பழுது பார்க்கிற கடைக்குப் போனார்கள். நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிய கடைக்காரர், பின் மூடியைக் கழற்றி, காத்தாடிக்குள்ளிருந்து கம்பளித் துண்டு மாதிரி ஒரு தூசிப் படலத்தை உரித்து எடுத்தார்.

"இத வெச்சு ஒரு தலகாணியே தைக்கலாம்."

துடைத்து, மூடி, அவர்கள் கொண்டுவந்த சார்ஜரையே செருகி, ஹெட்போனை அவளிடம் நீட்டினார். பாம்புச்செவி கண்ணை மூடிக் கேட்டாள். அமைதி. அண்ணி ஸ்டெதஸ்கோப்பை எடுத்ததைப் பார்த்த கடைக்காரர் நகர்ந்து வழி விட்டார். சார்ஜரிலும் அமைதி.

"தூசிதான் போல," என்றாள் அவள் திரும்பி வரும்போது.

"சார்ஜர்ல ஏது தூசி? அவரு சார்ஜரத் தொடவே இல்லையே," என்றார் அண்ணி. "டாக்டரப் பாத்ததும் வலி போயிடுச்சும்பாங்களே, அந்த மாதிரி இருக்கு."

அண்ணி சொன்னது பலித்தது. மாலையில் வேலைக்கு உட்கார்ந்தாள். ஙொய்.

பயமெல்லாம் வடிந்துபோய், இப்போது இருவருக்கும் ஒரு வெறி பிடித்துக்கொண்டது. இது என்னதான் என்று பார்த்துவிட வேண்டும். சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் நின்றது. செருகினால் வந்தது. மாடியில் இருக்கும் டியூஷன் ஆசிரியரிடம் அதே மாதிரி சார்ஜர் இருந்தது. கடன் வாங்கி மாட்டினார்கள், அதிலும் வந்தது. கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், கூடவே வந்தது. சமையலறை மேடையில் மிக்ஸியை நகர்த்திவிட்டு வைத்தார்கள், அங்கும் வந்தது. புதுப் பெண்டாட்டி மாதிரி பின்னாலேயே வருகிறதே என்று அண்ணி சொன்னார்.

"கடையில இல்ல. இங்க எல்லா ரூம்லயும் இருக்கு," என்றாள் அவள். "அப்ப லேப்டாப்புக்கு ஒண்ணுமில்ல அண்ணி. இந்த வீட்டுக்குத்தான் ஏதோ."

சொல்லிக்கொண்டே மூடியிருந்த மடிக்கணினியின் உலோக முதுகைத் தடவியவள் கையை நிறுத்தினாள். மறுபடி தடவினாள். வழுவழு என்று இருக்க வேண்டிய தகடு பூனையின் நாக்கு மாதிரி சொரசொரத்தது. விரலை நிறுத்தினால் ஒன்றும் இல்லை, நகர்த்தினால் அதிர்ந்தது. "அண்ணி, இங்க தொட்டுப் பாருங்க. விரலத் திருப்பி, பின்பக்கத்தால மெதுவா."

அண்ணி மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது கை விரல்களால் தொட்டார். தகட்டின் ஓரத்தில் விரல் பட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்ன அண்ணி?"

"பிளக்கப் பிடுங்கு."

பிடுங்கினாள். அண்ணி மறுபடி தொட்டார். தகடு வழுவழு என்று இருந்தது.

"போடு."

போட்டாள். அண்ணி தொட்டார். அப்படியே கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இது என் கையில வர்றதுன்னு நெனச்சேன்," என்றார். குரலில் வார்டு இல்லை. "இங்க வந்ததுலேருந்து விரல் நுனியில சுருசுருன்னு எறும்பு ஊர்ற மாதிரி வரும், போகும். நரம்பு அடிபட்டிருக்குன்னு முடிவே பண்ணிட்டேன். ஊசி போடற கைம்மா இது. குழந்தைங்களுக்கு நரம்பு கிடைக்கலன்னா என்னத்தான் கூப்பிடுவாங்க. விரல் மரத்துப் போச்சுன்னா நான் அங்க போய் என்ன பண்றது, பெட்ஷீட் மடிக்கிறதா?"

"யார்கிட்டயும் சொல்லலையா அண்ணி?"

"நீ சொன்னியா?"

அவள் எழுந்துபோய் இரண்டு பேருக்கும் காபி போட்டுக்கொண்டு வந்தாள். குடித்துக்கொண்டே அண்ணி திடீரென்று, "அந்த எறும்பு எப்பல்லாம் வரும்னு நெனச்சுப் பாக்கறேன்," என்றார். "பால்கனியிலதான். வாஷிங் மெஷின் மேல கைய வெச்சிருப்பேன்ல, அதோட ஓரத்துல பெயின்ட் உரிஞ்சிருக்கு, அங்க விரல் படும்."

"மெஷின் ஓடும்போதா?"

"ஓடாதப்பவும்தான். பிளக்கு மாட்டியே இருக்கும்ல."

அப்புறம் அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். உள்ளே பாம்புச்செவி ஹெட்போனோடு. பால்கனியில் அண்ணி காவல், ஆனால் கையை இயந்திரத்தின்மேல் வைக்கக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சத்தம் வந்தால் அவள் 'வந்தாச்சு' என்று குரல் கொடுப்பாள். அந்த நேரத்தில் வெளியே என்ன நடக்கிறது என்று அண்ணி பார்க்க வேண்டும். தண்ணீர் மோட்டார் போட்டார்கள், சத்தம் வரவில்லை. எதிர் வீட்டில் வெல்டிங் வைத்தார்கள், வரவில்லை. தெருவிளக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"வந்தாச்சு!"

"தெருவுல ஒண்ணுமில்லையே. ஒரு பொம்பள கீழ பார்லருக்குள்ள போய்க் கொஞ்ச நேரம் ஆச்சு. அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: "வந்தாச்சு!"

"இப்பவும் ஒருத்தி உள்ள போயிருக்கா. நீளமான முடி."

மூன்றாவது தடவை அண்ணி உள்ளேயே ஓடி வந்துவிட்டார். இவர்கள் வீட்டுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில், ஓர் அம்மாள் தன் வீட்டு முன்னறையில் அழகு நிலையம் நடத்திவந்தாள். எல்லோருக்கும் அவள் பார்லர் அக்கா. "புருவம் திருத்த வந்தவ போனப்ப சத்தம் வரல," என்றார் அண்ணி மூச்சு வாங்க. "தலை ஈரமா வெளியில வர்றாங்க பாரு, அவங்க உள்ள இருந்தப்பத்தான் வந்திருக்கு. தலை கழுவினா உன் லேப்டாப் கத்துது!"

இரவு சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னார்கள். அவன் ஒரு தரம் மனைவியைப் பார்த்தான், ஒரு தரம் அக்காவைப் பார்த்தான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஒட்டாமல் இருந்த இரண்டு பேரும் ஒரே வாயாகப் பேசுவது அவனுக்கு அதைவிடப் பெரிய அதிசயமாக இருந்திருக்கும்.

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கா இது."

"காக்கா ஒரு தடவ உக்காந்தா நீ சொல்றது சரி. உக்காரும்போதெல்லாம் விழுந்தா?"

"அப்ப காக்காயத்தான் கேக்கணும்," என்றான் அவன்.

மறுநாள் அவள் கீழே இறங்கினாள். மேலே அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு மடிக்கணினி முன்னால். அவள் கையில் கைபேசி, அழைப்பில் அண்ணி. பார்லர் அக்கா ஒரு வாடிக்கையாளருக்குத் தலை முழுக்கச் சாயம் பூசி, பிளாஸ்டிக் தொப்பி மாட்டி உட்கார வைத்திருந்தாள். வந்திருந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண்மணி. தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவர், 'டிரைவிங் மேடம்'.

"பார்லர் அக்கா, ஒரு உதவி. தலை கழுவறப்ப என்னல்லாம் போடுவீங்க?"

"ஷாம்பு, கண்டிஷனர்..."

"இல்லக்கா, ஸ்விட்ச்சு. என்ன ஸ்விட்ச்சு போடுவீங்க?"

"ஹீட்டர்தான். சுடுதண்ணி வேணும்ல. ஏன்?"

"போடுங்களேன்."

பார்லர் அக்கா ஒன்றும் புரியாமல் சுவரில் இருந்த சிவப்பு ஸ்விட்சைத் தட்டினாள். கைபேசியில் அண்ணியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "வந்துடுச்சு!"

"அணைங்க."

"போயிடுச்சு!"

"போடுங்க."

"வந்துடுச்சு, வந்துடுச்சு!"

பார்லர் அக்காவுக்கு விளையாட்டாகிவிட்டது. சிரித்துக்கொண்டே தட்டினாள், அணைத்தாள், தட்டினாள். "அட, என் ஹீட்டரும் உன் கம்ப்யூட்டரும் பேசிக்குதா? இது என்னடி அநியாயம்!" டிரைவிங் மேடம் தொப்பிக்கு அடியில் இருந்து, "எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்க," என்று கை நீட்டினார். சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் பாம்புச்செவியும் சிரித்தாள். இத்தனை நாள் தன்னை ஆட்டிவைத்த வண்டு இதுதானா!

"சரி சரி, மேடத்துக்கு நேரமாச்சு," என்று பார்லர் அக்கா ஹீட்டரைப் போட்டபடியே விட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பினாள். "கழுவிடலாம், தலைய இப்படிச் சாய்ங்க. எனக்கே இப்பல்லாம் முடியறதில்ல. குழாயத் தொட்டாலே உள்ளங்கையில சுருக்குங்குது. நாள் பூரா தண்ணியில நின்னா நரம்பெல்லாம் என்ன ஆகும், சொல்லு."

டிரைவிங் மேடம் பின்னால் சாய்ந்தார். பார்லர் அக்காவின் கை குழாயை நோக்கிப் போனது.

சுருக்கென்றது. எறும்பு ஊர்வது. பூனை நாக்கு. அவளுக்கு எல்லாம் ஒரே கணத்தில் ஒன்றாகிவிட்டது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்றுதான் இத்தனை நாள் தேடினாள். அந்தச் சத்தம் என்னவாக இருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

"தொடாதீங்க!"

அவள் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. பார்லர் அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. டிரைவிங் மேடம் பயந்து நிமிர்ந்தார். அவள் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள். "கரன்ட்டுக்கா. அந்தக் குழாயில கரன்ட் வருது. உங்க நரம்பு இல்ல, கரன்ட்டு. எங்க வீடு வரைக்கும் வருது."

மூவரும் குழாயைப் பார்த்தார்கள். பளபளவென்று துடைத்து வைத்த குழாய், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நின்றது. பார்லர் அக்கா மெல்லத் தன் கால்களைப் பார்த்தாள். தடித்த ரப்பர் செருப்பு. "வழுக்கக் கூடாதேன்னு வாங்கினேன்," என்றாள். அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்ட அண்ணி, கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கி வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, யாரையும் கேட்காமல், வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மெயின் ஸ்விட்சை இறக்கினார். பார்லர் அக்காவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "இனிமே எலக்ட்ரீஷியன் வந்து சொல்ற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு பொத்தானத் தொடக் கூடாது."

"அதெல்லாம் சரி," என்றார் டிரைவிங் மேடம். "என் தலையில சாயம் ஊறிக்கிட்டே இருக்கே?"

அது அவர்களுக்கு மறந்தே போயிருந்தது. மேலே இவர்கள் வீட்டுக் குளியலறையில் ஹீட்டர் கிடையாது, வெறும் பச்சைத் தண்ணீர். தொப்பியும் துண்டுமாக டிரைவிங் மேடம் படியேற, பின்னால் ஷாம்பு புட்டியோடு பார்லர் அக்கா ஏற, படியெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கறை. பார்லர் அக்கா குழாய்ப் பக்கம் போகவே பயந்ததால், பாம்புச்செவிதான் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். செம்பழுப்பாக வந்திருக்க வேண்டிய முடி, அளவுக்கு மேல் ஊறிப்போய்க் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. மேடம் கண்ணாடியில் பார்த்தார்.

"பரவால்ல. நான் தினமும் கிளட்ச் எது பிரேக் எதுன்னு தெரியாதவங்க பக்கத்துல உக்காந்து போறவ. உயிரோட இருக்கேன்ல, அது போதும்."

எலக்ட்ரீஷியன் மாலைக்குள் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். கீழ்வீட்டு மெயினையும் ஹீட்டரையும் தானே போட்டுவிட்டு, டெஸ்டரைத் துவைக்கும் இயந்திரத்தில் வைத்தார், மடிக்கணினியில் வைத்தார், கீழே போய்க் குழாயில் வைத்தார். மறுபடி மெயினை அணைத்துவிட்டு ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தார். தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச் சுருளின் உறை ஓரிடத்தில் வெடித்திருந்தது. அதோடு நிறுத்தாமல் கட்டடத்தின் பின்பக்கம் போய் மண்ணைக் கிளறினார். சாக்கடைக் குழாய் மாற்றத் தோண்டியவர்கள், அந்தக் கட்டடத்துக்கே பொதுவான எர்த் கம்பியை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, சத்தம் போடாமல் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடாமல் மண்ணுக்குள் கிடந்தன.

"ஹீட்டர் மட்டும் கெட்டிருந்தா கரன்ட்டு மண்ணுக்குப் போயிருக்கும், ஃபியூஸ் அடிச்சிருக்கும்," என்றார் அவர். "கம்பி மட்டும் அறுந்திருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ரெண்டும் சேந்ததால, போக வழியில்லாம எல்லார் வீட்டு எர்த் பின்னுலயும் கரன்ட்டு சுத்திட்டு இருந்திருக்கு. இன்னும் கொஞ்சம் உறை கிழிஞ்சிருந்தா..." மீதியைச் சொல்லாமல் கருவிகளைப் பைக்குள் போட்டார்.

கட்டடம் முழுக்க மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய வேண்டியிருந்தது. புதுக் கம்பி இறக்கி, கசிவு வந்தால் தானாக அணையும் ஸ்விட்சை ஒவ்வொரு வீட்டுக்கும் வைக்கச் சொன்னார். முதலில் முணுமுணுத்த, கட்டடத்துக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரர், டெஸ்டரின் விளக்கு எரிந்ததைத் தன் கண்ணால் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். மின்விசிறி இல்லாத புழுக்கத்தில் எல்லோரும் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொரு கதையாக வெளியே வந்தது.

டியூஷன் ஆசிரியருக்கு ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் கை சுருக்கென்றிருக்கிறது. சர்க்கரை வியாதி என்று நினைத்து இனிப்பையே நிறுத்திவிட்டாராம். "பாழாப்போன கம்பி! எத்தன நாள் டீ சப்புன்னு குடிச்சேன்!" இரண்டாவது மாடியில் தனியாக இருந்த இளைஞன், அந்தச் 'சுருக்' புதுக் கால்சட்டைத் துணியின் உரசலால் வருகிறது என்று நினைத்து அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். வீட்டுக்காரரின் மனைவியோ தைரியசாலி, இஸ்திரிப்பெட்டி சீண்டுகிறது என்று அதை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். கசங்கிய சட்டையோடு திரிந்த காரணம் இப்போதுதான் தெரிந்தது என்று வீட்டுக்காரர் சொன்னார். எல்லோருக்கும் ஏதோ ஒரு காரணம் கிடைத்திருந்தது. ஒருவரும் அடுத்த வீட்டில் கேட்கவில்லை.

"எலிய விரட்டப் போய்ப் புலியப் பிடிச்சிருக்கா என் பெண்டாட்டி," என்று கணவன் பெருமையடித்தான்.

"நீ கேக்கலன்னுதானே சொன்ன?" என்றார் அண்ணி.

"நான் வர்ற நேரத்துல பார்லர் மூடிடறாங்கக்கா! என் காதக் குத்தம் சொல்லாத."

மின்சாரம் வந்ததும் படிக்கட்டுக் கூட்டம் கலைந்தது. அவள் மடிக்கணினியைத் திறந்து, சார்ஜரைச் செருகி, ஹெட்போனை மாட்டினாள். பார்லர் அக்கா கீழிருந்து, "போட்டாச்சு!" என்று கத்தினாள், புது ஹீட்டர். தகட்டில் விரலை ஓட்டினாள், வழுக்கிக்கொண்டு போனது. ஹெட்போனுக்குள் அவளுக்கே அவள் மூச்சுத்தான் கேட்டது. துறைமுகக் கூட்டத்தின் மிச்சத்தை அன்றே முடித்து அனுப்பினாள்.

அண்ணிக்குக் கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. இருவருமாகத்தான் போனார்கள். மாவை அறுத்து எடுத்தபின், உள்ளேயிருந்து வந்த கை வெளிறி, மெலிந்து, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மருத்துவர் விரல்களை மடக்கச் சொன்னார், விரிக்கச் சொன்னார், நுனிகளைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். நரம்புக்கு ஒன்றுமில்லை, பயிற்சி செய்தால் பழையபடி வந்துவிடும் என்றார். அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் ஊரில் எத்தனையோ பேருக்கு அதையே சொன்ன ஆள், தனக்குச் சொன்னபோது நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வெளியே வந்து, காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்ததும், "கைய நீட்டு," என்றார்.

"எதுக்கு அண்ணி?"

"நீட்டுன்னா நீட்டு."

அவள் முழங்கை வரை துணியை மடித்துவிட்டு நீட்டினாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அந்த மெலிந்த வலது கை விரல்கள் அவள் முழங்கை மடிப்பில் மெதுவாக அழுத்தி, நகர்ந்து, நின்று, கொஞ்சம் பின்னால் வந்து, மறுபடி அழுத்தின. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதோ," என்றார் அண்ணி. கண்ணைத் திறந்தார். விரலை எடுக்கவில்லை. "நல்ல நரம்பு. உருண்டு ஓடாது. உனக்கு ஊசி போடறவங்க கொடுத்து வெச்சவங்க."

"போதும் அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அந்தக் கையையும் நீட்டு."